புள்ளியில் பிறந்த தமிழெழுத்து

கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள கண்டாவளை என்னும் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுதல் பள்ளிச் சிறுவர்க்கும் எளிது. ஆனால், 1980ஆம் ஆண்டளவில் உலகச் சந்தைக்கு வந்த கணினி அச்சுப்பொறிகளுக்கு அது இயலாத செயலாயிருந்தது. காரணம் யாது?

அப்பொறிகளுள் பெரும்புகழ் பெற்றது ஜப்பானிய எப்சன் நிறுவனத்தாரின் எம்.எக்ஸ்.-80 ஆகும். அதன் அச்சுத்தலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது ஊசிகள் இருந்தன. தலை தாளின் குறுக்கே ஓடுகையில் ஊசிகள் மைநாடாவின்மேல் மோதிப் புள்ளிகளைப் பதிக்கும். புள்ளிகள் கூடி எழுத்தாகும். எந்த எழுத்துக்கு எந்த ஊசி மோதவேண்டும் என்பது பொறியின் நினைவகத்தில் முன்னரே பதியப்பட்டிருந்தது. அங்கே உரோம எழுத்துக்கு இடமிருந்தது; தமிழுக்கு இல்லை.

ஆயினும் ஒரு வாயில் திறந்திருந்தது. வரைபட வசதி பொருத்தப்பட்ட பொறிகளில், ஊசிகளைத் தனித்தனியே ஏவலாம். ஏவுதற்குரிய மொழியும் எளியதே. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள் 1964இல் மாணவர்க்கென ஆக்கிய பேசிக் மொழியே அது.

முறை இது. முதலில் 27 என்னும் எண்ணும் ‘கே’ என்னும் ஆங்கில எழுத்தும் பொறிக்கு அனுப்பப்படும். பின்னர் நிரல்களின் தொகையைக் கூறும் இரண்டு எண்கள் செல்லும். அதன்பின் நிரலுக்கு ஓர் எண். மேலூசிக்கு 128, அடுத்ததற்கு 64 எனப் படிதோறும் பாதியாகி, எட்டாம் ஊசிக்கு 1 என்பது கணக்கு. கண்டாவளையின் நடுவே நிற்கும் டகரத்தை எடுத்துக்கொள்வோமாயின், நிமிர்ந்த கோட்டுக்கு எட்டு ஊசிகளும் மோத 255. அடிக்கோட்டுக்கு 1, 1, 1, 1, 1. ஆறே எண்களில் ஒரு தமிழெழுத்து!

எல்லா எழுத்தும் இத்துணை இணக்கமானவை அல்ல. ணகர ஒற்றின் தலைப்புள்ளியும், கு, ரு முதலியவற்றின் கீழ்வளைவும் எட்டுப் புள்ளி உயரத்துள் செவ்வனே அடங்கா. ஆதலின் மேற்பாதியை ஒருமுறையும் கீழ்ப்பாதியை மறுமுறையும் அச்சிடல் வேண்டும். வரிக்கு வரி பொறி தானே நகரும் அளவு அங்குலத்தில் 72இல் 12 பங்கு. அதனை 8 பங்காகக் குறைக்காவிடின், எழுத்தின் நடுவே வெண்கோடு விழும்.

ளையின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. துதிக்கை போன்ற கொம்புடன் எழுதப்பட்ட அதன் பழைய வடிவத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் சீர்திருத்தியது. பழைய வடிவுக்குத் தனிப் புள்ளிக்கோலம் வேண்டும். புதியதற்கோ ஐகாரக் குறியையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்தாற் போதும்.

அவ்வாண்டுகளிலேயே தமிழுக்கெனக் கணினிச் செயலிகளும் தோன்றின. 1984இல் கனடாவிலிருந்து ஸ்ரீநிவாசனின் ‘ஆதமி’ வந்தது. 1985இல் மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் ‘முரசு’ வந்தது. 1991இல் யூனிகோட் முறையில் தமிழுக்குத் தனியிடம் கிடைத்தது. இன்று கண்டாவளை என்று கைத்தொலைபேசியில் எழுதுவோர் எந்த எண்ணையும் கூட்டவேண்டியதில்லை. பொறி செய்தோர் தமிழை நினையாதிருந்த நாளில், தமிழறிந்தோரே கட்டமிட்ட தாளில் புள்ளி எண்ணி எழுத்தமைக்க வேண்டியிருந்தது. இன்றைய எளிமைக்கு முன்னே நிற்பது அவ்வுழைப்பாகும்.