வாகோலியின் நீலக் கனிமம்: கவன்சைட்டின் இயல்பும் பயனும்

1. கிடைக்குமிடம்

புனேக்குக் கிழக்கே, நகர் சாலையில் உள்ள வாகோலியின் கல்குவாரிகளில் ஜல்லிக்குப் பாறை உடைக்கும்போது, அதன் பொந்துகளில் மயில்கழுத்து நீலத்தில் சிறு உருண்டைகள் தென்படுவதுண்டு. கால்சியமும் வனேடியமும் அடங்கிய, நீரேறிய சிலிக்கேட்டான கவன்சைட் அது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1973இல் புதிய கனிமமாக விவரிக்கப்பட்டது. ஆயினும் உலகச் சேகரிப்புகளில் உள்ள சிறந்த மாதிரிகளில் பெரும்பாலானவை வாகோலியிலிருந்து போனவையே.

2. தோற்றம்

தக்காணப் பாறை ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த எரிமலைக் குழம்பு. இத்தகைய பசால்ட்டில் வனேடியம் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு அளவுக்கே இருக்கும். பாறைக்குள் ஊடுருவிய வெந்நீர் அதைக் கரைத்துச் சேர்த்து, ஸ்டில்பைட், ஹியூலண்டைட் போன்ற வெண்ணிற ஜியோலைட்டுகளோடு படிய வைத்திருக்கிறது.

3. அமைப்பும் நிறமும்

கைலென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு உருண்டையும் ஒரு மையத்திலிருந்து விரியும் ஊசிப் படிகங்களின் கொத்து என்பது புலப்படும். கடினத்தன்மை 3 முதல் 4 வரை. கத்தி முனையால் கீறலாம். எடையில் சுமார் 11 விழுக்காடு வனேடியம், 16 விழுக்காடு நீர். சிலிக்கேட் அடுக்குகளைக் கால்சியமும் வனேடியமும் பிணைக்க, இடைவெளிகளில் நீர் மூலக்கூறுகள் தங்குகின்றன. இதே வேதி இயைபை வேறு அடுக்கமைப்பில் கொண்ட பென்டகனைட்டும் வாகோலியில் கிடைக்கிறது. நீலம் என்பதை மட்டும் நம்பி இரண்டையும் பிரித்தறிய முடியாது.

நீலத்துக்குக் காரணம் ஒரே ஒரு எலக்ட்ரான். இங்கே வனேடியத்தின் ஆக்சிஜனேற்ற நிலை +4. அதன் டி ஆர்பிட்டாலில் எஞ்சிய ஒற்றை எலக்ட்ரான் சிவப்புப் பக்கத்து ஒளியை உறிஞ்ச, நீலம் நம் கண்ணுக்கு வருகிறது. அந்த எலக்ட்ரானும் போய் நிலை +5 ஆனால் வனேடியச் சேர்மங்கள் பொதுவாக மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறிவிடும். கவன்சைட் உருவான வெந்நீரில் ஆக்சிஜனேற்றம் அந்த அளவுக்குப் போகவில்லை என்பதை நிறமே காட்டிக்கொடுக்கிறது. எனக்கு இந்தக் கனிமத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

4. பயன்

வனேடியத் தாதுவாக இதற்கு மதிப்பில்லை. கிடைக்கும் அளவு அற்பம். எஃகுக்கும் கந்தக அமில வினையூக்கிக்கும் வேண்டிய வனேடியம் பெரும்பாலும் மேக்னடைட்டிலிருந்து வருகிறது. ஆனால் கவன்சைட்டில் உள்ள அதே வனேடியம்-ஆக்சிஜன் அலகுதான் வனேடியப் பாய்வு மின்கலத்தின் நேர்முனைக் கரைசலிலும் இருக்கிறது: மின்னிறங்கியதும் நீலம், மின்னேறியதும் மஞ்சள். மாணவருக்கு ஆக்சிஜனேற்ற நிலையை விளக்க இவ்விரண்டையும் அருகருகே வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆய்வுக்குப் பளபளக்கும் தனி உருண்டை போதாது. தாய்ப்பாறைத் துண்டோடு, எந்தக் குவாரியில், எந்த மட்டத்தில் எடுத்தது என்ற குறிப்பும் வேண்டும். விற்பனைக்காகப் பெயர்த்தெடுக்கப்படும் மாதிரிகளில் பெரும்பாலும் இழக்கப்படுவது இந்தக் குறிப்புதான்.