சித்தப்பாவின் கெப்பிலிருந்து இறங்கிய 160 கிலோ

2022 ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் 460 ரூபாவானது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து கிளிநொச்சிச் சந்தைக்கு மீன் ஏற்றும் என் சித்தப்பா, தன் பழைய ஹைலக்ஸ் கெப்பை விற்றுவிடலாமா என்று யோசித்தது அப்போதுதான். நான் படித்தது ஊடகக் கற்கை. இயந்திரம் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனாலும், விற்க முன்னர் ஒருமுறை நிறுத்துப் பார்ப்போம் என்றேன்.

பக்கத்து அரிசி ஆலையில் லொறியோடு நிறுக்கும் தராசு இருந்தது. மீன்பெட்டி ஒன்றும் இல்லாமல், ஆளும் இல்லாமல் 1,720 கிலோ காட்டியது.

பாரம் எங்கே இருக்கிறது என்று தேடினால், பெரும்பாலும் நாங்களே பிறகு சேர்த்தவற்றில்தான் இருக்கும். உப்புத்தண்ணீர் பட்டுப் பின்பெட்டியின் தளம் கறள் பிடிக்க, சித்தப்பா அதன் மேல் 3 மில்லிமீற்றர் இரும்புத் தகடு விரித்திருந்தார். அந்தத் தடிப்பில் ஒரு சதுர மீற்றர் தகடு 23 கிலோவுக்கும் மேல். 2.2 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம் என்றால் 78 கிலோ. தகட்டைக் கிளப்பியபோது கீழே உள்ளங்கை அளவில் ஓட்டை. தகட்டுக்கும் தளத்துக்கும் இடையில் உப்புத்தண்ணீர் நின்று, காக்க வைத்த தகடே தளத்தைத் தின்றிருக்கிறது. ஓட்டையை ஒட்டி, கறள் தடுக்கும் பூச்சு அடித்து, 12 கிலோ ரப்பர் விரிப்பைப் போட்டோம். கழற்றிக் கழுவக்கூடியது.

தறப்பாள் கட்டுவதற்கான இரும்புக் குழாய்ச் சட்டம் 43 கிலோ. வேகமாக ஓடும்போது இதன் பாரத்தை விட, காற்றை மறிப்பதுதான் கூடுதலாக டீசலைக் குடிக்கும். மீன்பெட்டிகளுக்கு மூடி இருப்பதால் அது தேவைப்படவில்லை.

அடுத்தது ஆசனத்துக்குப் பின்னாலிருந்த இரும்புப் பெட்டி. பழைய பற்றறி, உடைந்த வில்தகடு, கழித்த பிறேக் உதிரிகள், ஒரு சுத்தியலுக்குப் பதில் மூன்று. 51 கிலோவை எடுத்தோம். அடியில் ஒரு மண்வெட்டியும் மடித்த தறப்பாளும் சமையல் பானையும் இருந்தன. 2009 இல் தருமபுரத்தில் கொஞ்சம், உடையார்கட்டில் கொஞ்சம் என்று உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து சாமான்களை இறக்கி விட்டுவிட்டுப் போனவர் அவர். பங்கர் வெட்டக் கடைசிவரை கையில் இருந்தது மண்வெட்டி. “அது கிடக்கட்டும் தம்பி” என்றார். நானும் கேட்கவில்லை.

மறுபடி நிறுத்தோம். 1,560 கிலோ.

இதனால் என்ன மிச்சம்? 45 கிலோ குறைந்தால் எரிபொருள் ஒரு வீதம் அளவில் மிச்சமாகலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. அதன்படி 160 கிலோவுக்கு மூன்றரை வீதம். சித்தப்பா மாதம் 2,000 கிலோமீற்றர் ஓடுகிறார், லீற்றருக்கு 10 கிலோமீற்றர். 200 லீற்றரில் 7 லீற்றர் மிச்சம். அன்றைய விலையில் 3,220 ரூபா. நிறுத்தி நிறுத்திப் புறப்படும் ஓட்டத்திலும் ஏற்றத்திலும்தான் பாரக்குறைவின் பலன் நன்றாகத் தெரியும். டாங்கியை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிப் பார்த்ததில் எங்களுக்கு 10.6 கிடைத்தது. அதே நாளில் ரயர்களின் காற்றையும் கதவோரம் எழுதியிருந்த அளவுக்கு ஏற்றினோம், சட்டமும் போய்விட்டது. ஆகவே முழுப் பெயரும் பாரத்துக்குச் சேராது. பிறேக் பிடித்தால் முன்னரை விடக் கிட்டவாக நிற்கிறது என்கிறார்.

ஃபோர்ட் நிறுவனம் 2015 ஆம் ஆண்டு மாதிரி எஃப்-150 கெப்பின் உடலை அலுமினியக் கலவைக்கு மாற்றி 300 கிலோவுக்கு மேல் குறைத்தது. அலுமினியத்தின் பாரம் இரும்பில் மூன்றில் ஒன்றுதான். ஆனால் பழைய கெப்புக்கு அலுமினியப் பெட்டி அடித்தால், செலவு டீசலில் திரும்பி வரப் பல வருடம் செல்லும். ஒட்டுவதும் எல்லாக் கராஜிலும் நடக்காது.

கழற்றக்கூடாதவை உண்டு. மேலதிக சில்லு, ஜக், பம்பர், ஆசனப்பட்டி ஆகியவற்றில் கைவைக்க வேண்டாம். இரவில் ஒட்டுசுட்டான் பக்கம் காற்றுப் போனவருக்கு ஏனென்று சொல்லத் தேவையில்லை. பாரம் ஏற்றுபவர்கள் வில்தகடுகளையும் குறைக்கக்கூடாது. பின்பெட்டி வெறுமையாக இருக்கும்போது பின்சில்லுகளின் பிடி குறைவு. மழை வீதியில் வளைவுகளில் மெதுவாகப் போக வேண்டும். உடலை வெட்டி மாற்றுவதென்றால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். குறைந்த 160 கிலோவுக்குப் பதிலாக மீனை ஏற்றினால் டீசல் மிச்சமாகாது.

ஒரு வருடம் கழித்து அதே தராசில் ஏற்றினோம். 1,571. பதினொரு கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆசனத்துக்குப் பின்னால் ஒரு புது நைலோன் கயிற்றுச் சுருளும், நாலாவது சுத்தியலும்.