இந்திய மரபு வித்தையும் அதைத் தேடிய பயணங்களும்

மேடை, திரை எதுவும் இல்லாமல், சுற்றிலும் ஆட்கள் நிற்க, வெறுந்தரையில் உட்கார்ந்து காட்டும் கண்கட்டு வித்தைகளே இந்திய மரபு வித்தைகள். காமசூத்திரம் அடுக்கும் 64 கலைகளில் இந்திரஜாலமும் உண்டு. வத்திராயிருப்பு வழியே சதுரகிரி மலை ஏறுகிறவர்கள் கேட்டறியும் சித்தர்களின் சித்துகள் நம்பிக்கையைச் சார்ந்தவை. வித்தையோ தகப்பனிடம் மகன் பழகும் கைத்தொழில். இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தேடிவந்த வெளிநாட்டார் பலர், கண்ணெதிரே இருந்த கலையைக் கவனிக்காமலே போனார்கள்.

அந்தக் கலையில் தலையாயது செப்பிடுவித்தை. தலையில் குமிழ் வைத்த மூன்று மரச்செப்புகளும் சில துணியுருண்டைகளும் போதும். வித்தைக்காரர் குமிழை விரலிடுக்கில் பிடித்துத் தூக்குவார். உருண்டை எந்தச் செப்பின் அடியில் இருக்கிறது என்று கூட்டம் அடித்துச் சொல்லும். ஒவ்வொரு முறையும் தோற்கும். மறைக்க மேசை இல்லை. விரலும் பேச்சும்தான் எல்லாம். மாங்கொட்டை வித்தையில் கொட்டையை மண்ணில் புதைத்துத் துணி போர்த்துவார்கள். மகுடி ஊதி, கதை பேசி நேரம் கடத்துவார்கள். துணி விலகும் ஒவ்வொரு தடவையும் செடி உயர்ந்திருக்கும்.

முதலில் பயணப்பட்டவர்கள் நம்மவர்களே. 1813 வாக்கில் லண்டன் சென்ற குழுவைச் சேர்ந்த ராமசாமி, 'ரமோ சாமி' என்ற பெயரில் அங்கே புகழ்பெற்றார். ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1821இல் அவரது நூலில் இடம்பெற்றது. 1850இல் ராமசாமி இறந்தபோது அடக்கச் செலவுக்கு அவர் மனைவி பிறரிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. சென்னையில் சேஷால் என்பவர் ஒரு கோலில் கையை ஊன்றியபடி அந்தரத்தில் அமர்ந்து காட்டிய செய்தி 1832இல் லண்டன் இதழில் வந்தது. 1840களில் பாரிஸில் வித்தைக்காரர் ராபர்ட் ஹௌடின் தம் மகனை அதே போல் அந்தரத்தில் நிறுத்திப் பெயர் வாங்கினார்.

ஆனால் உலகம் தேடியது கயிற்று வித்தையை. நிமிர்ந்து நிற்கும் கயிற்றில் சிறுவன் ஏறி மறைகிறான் என்று 1890 ஆகஸ்ட் 8இல் சிகாகோ டிரிபியூன் எழுதியது. அது கட்டுக்கதை என்று சில மாதங்களில் அந்த நாளேடே ஒப்புக்கொண்டது. தேடல் மட்டும் ஓயவில்லை. கயிற்று வித்தையைச் செய்துகாட்டுவோருக்கு 1934இல் லண்டன் வித்தைக்காரர் சங்கமான மேஜிக் சர்க்கிள் அறிவித்த 500 கினி பரிசை யாரும் பெறவில்லை.

இல்லாத வித்தைக்குப் பரிசு அறிவித்தார்கள்; இருந்த வித்தைக்கோ தெருவில் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சைத் தடைச் சட்டம், பாட்டு, நடனம், வித்தை காட்டிப் பொது இடத்தில் காசு பெறுவதையும் பிச்சையாகவே கருதியது. டெல்லியில் வித்தைக்காரர்கள் வாழ்ந்த கட்புத்லி குடியிருப்பு 2017இல் இடிக்கப்பட்டது.

வித்தை கற்க விரும்புவோருக்குத் திருவனந்தபுரம் பூஜப்புரையில் கோபிநாத் முதுகாடு 1996இல் தொடங்கிய மேஜிக் அகாதெமி இருக்கிறது.