காசில்லையா? கணக்கைக் காட்டு!

"வாத்தியாருங்களுக்கு என்னப்பா குறை? வருஷத்துல பாதி நாள் லீவு. இதுல ஸ்ட்ரைக் வேற!"

போன வாரம் ஆபீஸ் கேண்டீனில் நண்பர் ஒருத்தர் இப்படிச் சொன்னப்ப நான் சாம்பார் சாதத்தைக் கிளறிக்கிட்டு சும்மா இருந்தேன். எங்கம்மா தொடக்கப்பள்ளி டீச்சர். ஒரே அறையில் ரெண்டு வகுப்பைச் சமாளிச்சுட்டு, தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவாங்க. அவங்க சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பும்போதெல்லாம், "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?"ன்னு கேட்டவன்தான் நானும். சிகாகோவில் ஆன்சைட்ல இருந்தப்ப படிச்ச ஒரு கதை ராத்திரிதான் ஞாபகத்துக்கு வந்தது. நண்பருக்கு என் லேட்டான பதில் இதுதான்.

1890கள். சிகாகோ கிடுகிடுன்னு வளர்ந்துக்கிட்டிருந்த நேரம். பிழைக்க வந்தவங்களோட பிள்ளைகளால் பள்ளிகள் நிரம்பி வழிஞ்சுது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலானவங்க பெண்கள். அவங்களுக்கு உச்ச சம்பளமே வருஷத்துக்கு 825 டாலர்தான், அதுவும் ஏறக்குறைய 20 வருஷமா ஏறலை. 1897-ல் இவங்க சேர்ந்து சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பை ஆரம்பிச்சாங்க. போராடி ஒரு சம்பள உயர்வும் வாங்கினாங்க. கொஞ்ச நாளிலேயே கல்வி போர்டு 'கஜானா காலி'ன்னு சொல்லி அதை நிறுத்திடுச்சு.

நாமளா இருந்தா என்ன செய்வோம்? பொலம்பிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். மார்கரெட் ஹேலியும் கேத்தரின் காகினும் 1900-ல் வகுப்பறையிலிருந்து லீவு எடுத்துக்கிட்டு வரிக் கணக்கைத் தோண்ட ஆரம்பிச்சாங்க. ஹேலி, இறைச்சிக் கூடங்கள் இருந்த ஏழைப் பகுதியில் ஆறாம் வகுப்பு எடுத்தவர். நம்ம பாஷையில் சொன்னா, பக் எங்கேன்னு ரூட் காஸ் தேடினாங்க. கிடைச்சது! கேஸ், மின்சாரம், டெலிபோன், டிராம் கம்பெனிகள் எல்லாம் நகரத்தில் தொழில் நடத்த வாங்கின உரிமைகளுக்கு உரிய வரியைக் கட்டவே இல்லை.

கோர்ட்டுக்குப் போனாங்க. 1901-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் டீச்சர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. மேற்கொண்டு நடந்த வழக்குகளில் தொகை குறைஞ்சாலும் சுமார் 6 லட்சம் டாலர் வரி வந்தது. கதை இங்கே முடியலை. தன் பங்குக்கு வந்த பணத்தை போர்டு நிலக்கரி பில்லுக்கும் ரிப்பேருக்கும் ஒதுக்கிடுச்சு! மறுபடி வழக்கு. 1904-ல் நீதிபதி எட்வர்ட் டன் சம்பளத்தைக் கொடுக்கச் சொன்னார். அடுத்த வருஷமே அவர் நகர மேயரானது தனிக்கதை.

இத்தனைக்கும் அந்தப் பெண்களுக்கு அப்போ மேயர் தேர்தலில் ஓட்டுகூட கிடையாது. அதனால்தான் 1902-ல் ஓட்டுரிமை உள்ள ஆண் தொழிலாளர்களின் சங்கங்களோட கைகோத்தாங்க.

1904-ல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் ஹேலி பேசினதில் சம்பளம் மட்டும் இல்லை. நெரிசலான வகுப்பறை உடம்பையும் மனசையும் உறிஞ்சுது, வேலைக்கு உத்தரவாதமில்லை, ஆசிரியரை ஃபேக்டரி மெஷினா மாத்துறாங்கன்னு வரிசையா சொன்னார்.

எல்லாம் ஜெயம்தானான்னா, இல்லை. 1915-ல் ஆசிரியர்கள் சங்கத்தில் சேர போர்டு தடை போட்டது. அடுத்த வருஷம் 68 பேருக்கு வேலை போச்சு. 1917-ல் கூட்டமைப்பு தொழிற்சங்க உறவையே விட வேண்டி வந்தது. ஆனா அதே வருஷம் வந்த ஓட்டிஸ் சட்டத்தில், மூணு வருஷ தகுதிகாண் காலத்துக்குப் பிறகு பணிப் பாதுகாப்பு கிடைச்சது.

நெரிசல் மட்டும் லேசில் தீரலை. 2019-ல் இன்றைய சிகாகோ ஆசிரியர் சங்கம் 11 பள்ளி நாட்கள் ஸ்ட்ரைக் செஞ்சப்பவும் அதே கோரிக்கை இருந்தது. பெரிய வகுப்புகளைக் குறைக்க 3.5 கோடி டாலர், படிப்படியா ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நர்ஸ்னு ஒப்பந்தம் ஆச்சு. டீச்சர் வேலை பார்க்கிற அறைதானே பிள்ளைங்க படிக்கிற அறையும்?

அம்மாவுக்கு போன் போட்டு இந்தக் கதையைச் சொன்னேன். சிரிச்சாங்க. "சங்கத்துல நாங்க முதல்ல கத்துக்கிட்டதே அதான்டா. ஜி.ஓ.வைப் படிக்காம ஆபீசர் முன்னாடி போய் நிக்கக் கூடாது."

இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாது. நான் கேட்டதும் இல்லை. உங்க வீட்டிலும் ஒரு டீச்சர் இருந்தா கேட்டுப் பாருங்க மக்களே.