பெட்டிக்குள் கிடந்த ஆயர்

2023 ஜூனில் போடிநாயக்கனூருக்கு மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியபின், தந்தையார் மறைந்தது முதல் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கச் சென்றோம். டிரங்குப் பெட்டியின் அடியில், ஏலக்காய்ச் சாக்குத் துணியில் சுற்றியபடி ‘ஏழை படும் பாடு’ கிடந்தது. விக்டர் யூகோ 1862-இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த நூல் அது. 1957 வாக்கில், சிறுவர்களாகிய நாங்கள் பாதிவரை படித்திருந்தபோது அப்பா அதை வாங்கி வைத்துக்கொண்டார். “சாமியார் வேண்டாம் என்று சொன்ன புத்தகம். இனிக் கேட்காதீர்கள்” என்றார், அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலை 1559-இல் திருத்தந்தை நான்காம் பவுல் வெளியிட்டார். யூகோவின் இந்நாவல் 1864-இல் அதில் இடம்பெற்றது. உரோமை விலக்கிய நூல் எம்மொழியில் பெயர்க்கப்பட்டாலும் விலக்கே என்று 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விதித்தது. ஆகவே அக்கதை தமிழாகி ஏலமலை அடிவாரத்துக்கு வந்தபோது, தடையும் கூடவே வந்து சேர்ந்தது. 1950-இல் கே. ராம்நாத் இயக்கத்தில் நாகையா நடித்து அதே பெயரில் வந்த படத்துக்கும் எங்கள் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் கதை தொடங்குவதே ஓர் ஆயரிடத்தில்தான்! தீஞ் மறைமாவட்டத்தின் ஆயராக 1805 முதல் 1838 வரை இருந்த மியோலிஸ் என்பவரை மனத்தில் கொண்டே யூகோ அப்பாத்திரத்தைப் படைத்தார். தமக்கையின் ஏழு பிள்ளைகளின் பசிக்காக ஒரு ரொட்டியைத் திருடி, தப்ப முயன்றதற்கும் சேர்த்துப் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்ட ழான் வால்ழானுக்கு அந்த ஆயர் சோறும் படுக்கையும் தருகிறார். அவனோ வெள்ளித் தட்டுகளுடன் ஓடிப் பிடிபடுகிறான். “நான்தான் கொடுத்தேன்” என்று காவலரிடம் கூறும் ஆயர், இரு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார். அதே ஆயர் சாகுந்தறுவாயிலிருக்கும் ஒரு புரட்சிக்காரன்முன் மண்டியிட்டு ஆசி கேட்கும் காட்சியும் நூலில் உண்டு. அன்றைய கத்தோலிக்கர் பலரைப் புண்படுத்திய பகுதி அது. இன்று படிக்கையில் எங்களுக்கு அது ஆயரின் தாழ்ச்சியாகவே தோன்றுகிறது.

1959-இல் இந்நாவல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 1966 ஜூனில் அப்பட்டியலே சட்ட வலுவை இழந்தது. போடியில் ஏலக்காய் விலை ஏறினால் பொழுது சாய்வதற்குள் மலையெங்கும் தெரிந்துவிடும். இந்தச் செய்தி மட்டும் எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

அப்பா மலைத்தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. வேலை முடிந்து இறங்கும் பெண்களின் மடியைச் சோதிப்பார்கள். ஒரு பிடி காய் அகப்பட்டால் செக்ரோலில் அவள் பெயரை அடிப்பது அவர் வேலை. அந்நாள்களில் இரவுச் செபமாலை முடிந்தும் நெடுநேரம் அவர் உறங்காமல் அமர்ந்திருந்தது நினைவிருக்கிறது.

நாங்கள் விட்ட இடத்திலிருந்து படிக்கலாமென்று நூலைப் புரட்டினோம். ஆயர் விளக்குத் தண்டுகளை எடுத்துக் கொடுக்கும் பக்கத்தின் ஓரத்தில், செக்ரோலில் ஆள் வந்ததற்கு அப்பா இடும் அதே சிவப்புப் பென்சில் குறி இருந்தது.