நீரிழிவும் அளவீடும்: ஒரு வரலாற்று நோக்கு

நோயை அறிவது ஒன்று. அதனை அளப்பது வேறொன்று. சலரோகம் எனப்படும் நீரிழிவை நம் முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்னரே அறிந்திருந்தனர். சிறுநீரின் இனிப்பையும் அதனை எறும்பு மொய்ப்பதையும் கண்ட பண்டை இந்திய மருத்துவர் அந்நோய்க்கு ‘மதுமேகம்’ எனப் பெயரிட்டனர். எனினும், அவ்வினிப்பு எவ்வளவு எனக் கூறும் ஆற்றல் எவரிடமும் இருக்கவில்லை. அவ்வாற்றல் தோன்றி, மருத்துவர் கையிலிருந்து நோயாளர் கைக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1776 இல் ஆங்கில மருத்துவர் மத்தியூ டொப்சன், நோயாளரின் சிறுநீரை வற்றச்செய்து, எஞ்சியது சர்க்கரையே எனக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஸ்ரான்லி பெனடிக்ற் அமைத்த நீலக் கரைசல் வழக்குக்கு வந்தது. அதனுடன் சில துளி சிறுநீரைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால், சர்க்கரையின் அளவுக்கேற்ப நிறம் பச்சை, மஞ்சள், செங்கற்சிவப்பு என மாறும்.

ஆயினும், சிறுநீர் கூறுவது பழஞ்செய்தியே. குருதியின் 100 மில்லிலீற்றரில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே அது சிறுநீரில் வெளிப்படும். சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைவதைச் சிறுநீர் காட்டாது. 1922 இல் இன்சுலின் சிகிச்சை தொடங்கிய பின்னர் இக்குறை உயிர்ப்பிரச்சினையாயிற்று. மருந்து மிகினும் மயக்கமும் மரணமும் நேரலாம் அன்றோ!

1960களில் ஒரு துளிக் குருதியால் நிறம் மாறும் பட்டிகளும், 1970 அளவில் அந்நிறத்தை அளக்கும் மானியும் வந்தன. மானியோ மருத்துவர்க்கே விற்கப்பட்டது. நீரிழிவு நோயாளரான அமெரிக்கப் பொறியியலாளர் றிச்சர்ட் பேர்ண்ஸ்ரைன், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் அதனைப் பெற்றுத் தம் குருதியைத் தாமே அளந்தார். தம் அனுபவத்தை மருத்துவ ஏடுகள் ஏற்காமையால், நாற்பத்தைந்தாம் வயதளவில் தாமே மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அடிக்கடி அளந்து கட்டுப்படுத்துவதால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்புக் குறையும் என்பதை 1993 இல் வெளியான பேராய்வொன்று நிறுவியது. இன்று தோலில் ஒட்டிய உணரி இரவுபகலாக அளக்கின்றது.

நம் நாட்டின் நிலை யாது? 2005–2006 இல் நடைபெற்ற ஆய்வின்படி, வளர்ந்தோரில் 10.3 வீதத்தினர் நீரிழிவுடையோர். அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் அதுவரை தம் நோயை அறியாதோர். அறிந்தோர்க்கும் அளத்தல் எளிதன்று. வெள்ளவத்தையில் எம் இல்லத்தில் அம்மம்மாவிடம் மானி உண்டு. 2022 இல் ரூபாய் வீழ்ந்து ‘ஸ்ரிப்’ எனும் பட்டியின் விலை ஏறியபோது, நாள்தோறும் அளந்தவர் வாரமொருமுறை அளக்கலானார். மானி பழுதுறவில்லை, பட்டிதான் இல்லை.

பேர்ண்ஸ்ரைன் காலத்தில் நோயாளரைத் தடுத்தது விதி. இன்று தடுப்பது விலை. இலவச வைத்தியத்தைப் பேணிவரும் நம் நாடு, மருந்தைப் போன்றே அளவீட்டையும் நோயாளரின் உரிமையாகக் கொள்ளும்போதே இவ்வரலாறு முழுமையுறும் எனலாம்.