தழும்பை நீவிய கைகள்

தோட்டப்புற மருத்துவ வரலாற்றை எழுதப் புகுந்தோர் கொக்கிப்புழுவையும் அம்மையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றனர். காயம் ஆறிய பின் எஞ்சும் தழும்பைப் பற்றி எழுதியோரை நான் அதிகம் கண்டதில்லை. கொழுந்து கிள்ளிப் பிழைக்கும் மக்களுக்கோ அது வயிற்றுப்பாட்டோடு தொடர்புடையது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த எடை பறிக்காதவருக்கு விழுவது அரைப்பேர். விரல் நீளாத கையால் முழுப்பேர் வாங்குவது எளிதன்று.

ஹல்துமுல்லை, கொஸ்லந்தைப் பக்கத்து லயங்களில் மின்சாரம் எட்டிப் பாராத காலத்தில் குப்பி விளக்குத்தான் வெளிச்சம். போத்தலில் மண்ணெண்ணெய், மூடியில் துளையிட்டு ஒரு திரி. பத்தடி அறைக்குள் சமையலும் படுக்கையும் பிள்ளைகளும். விளக்கு கவிழ்ந்தால் உருண்டோடும், எண்ணெய் கொட்டும், பாயும் சட்டையும் பற்றிக்கொள்ளும். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1992இல் குள்ளமான, கனத்த, உருளாத, திருகு மூடியுடைய விளக்கொன்றை வடிவமைத்தார். 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருதும் பெற்றார். தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனதும் அதே 1992இல்தான். அச்செய்தி நிரப்பிய பத்திகளில் ஒன்றையேனும் இவ்விளக்குக்கு ஒதுக்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

தீக்காயம் ஆறும்போது உடல் அவசரமாக நார்களை இழைத்து இடைவெளியை அடைக்கிறது. அந்நார்கள் ஒழுங்கின்றிப் பின்னிச் சுருங்குகின்றன. முழங்கை மடிப்பிலோ உள்ளங்கையிலோ அது நிகழ்ந்தால் மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும். தழும்பு முதிர ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டும் ஆகும். அதற்குள் நீட்டியும் நீவியும் இளக்க வேண்டும்.

செய்தி சேகரிக்கப் போன நாள்களில், லயத்து வாசலில் ஒரு பாட்டி பேத்தியின் கையை நல்லெண்ணெய் தொட்டு உருவிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். "மடங்கிப் போச்சுன்னா நாளைக்குப் பேர் போட மாட்டாங்க ஐயா" என்றார். எந்த மருத்துவ நூலும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அவர் கைப்பழக்கத்தின் மூலம் எது? சித்த மருத்துவத்தில் 'தொக்கணம்' என்றொரு பிரிவு உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என ஒன்பது வகை கூறுவர். அது பெரிதும் வாத நோய்களுக்கானது. ஆயினும் எண்ணெயும் விரலும் சேர்ந்தால் இறுகியது இளகும் என்ற அறிவு, கடல் கடந்து வந்த குடும்பங்களோடு மலையேறியிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

மேல்நாட்டிலும் இது பெண்களின் கைகளாலேயே தொழிலாக வளர்ந்தது. 1894இல் இலண்டனில் நான்கு பெண்கள், மசாஜ் என்றாலே முகஞ்சுளித்த சமூகத்தின் நடுவே, பயிற்சி பெற்றோருக்கான சங்கமொன்றைத் தொடங்கினர். பிரித்தானியாவின் இயன்மருத்துவர் சங்கம் அதிலிருந்து வளர்ந்ததே. நம் பக்கத்தில் வேலூர் நினைவுக்கு வருகிறது. 1946இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தினார். கத்தியோடு காரியம் முடியவில்லை; பல வாரப் பயிற்சியும் தேவைப்பட்டது. நீரில் ஊறவைத்து, எண்ணெயிட்டு, விரல்களை நீட்டும் பழக்கம் தொழுநோயாளருக்கு இன்றும் கற்பிக்கப்படுகிறது.

இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் மருத்துவக் கவனிப்பைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக்கியது. மருந்தும் கட்டும் அதன் எல்லைக்குள் வந்தன. கட்டு அவிழ்த்த பின் மாதக்கணக்கில் ஒருவர் கையைப் பிடித்து நீவும் வேலையோ லயத்துப் பெண்களுக்கே விடப்பட்டது. அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, வரலாற்றில் பெயரும் இல்லை.

நீவுதலால் அரிப்பும் வலியும் குறைகின்றன, தோல் இளகுகிறது என்று ஆய்வுகள் சில கூறுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சிறியவை. முறையும் கால அளவும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன. முற்றாக மூடாத புண்ணில் கைவைக்கலாகாது என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை. மூட்டு ஏற்கெனவே மடங்கி இறுகிவிட்டால் நீவுதல் மட்டும் போதாது, சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம்.

ஹல்துமுல்லையிலிருந்து பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் பெரகலை, ஹப்புத்தளை, பண்டாரவளை தாண்டிப் போக வேண்டும். தழும்புச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. மீண்டும் மீண்டும் போக வேண்டியது. போகும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகிறது.